திருவாளர் பனங்கொட்டை

நாலு வருடத்துக்கு முந்தி, எழுபதுகளின் நடுப்பகுதி. விடியமுன் எழும்பிப் பாணுக்கு வரிசையில் நின்று, அது கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கோடு வீடு திரும்பிய காலம். நான் அப்போது திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் கிளாக்கர். கப்பலால் இறங்குகிற மூட்டைகளைப் பார்த்துப் பட்டியலில் புள்ளடி போடுவதுதான் என் உத்தியோகம். அந்தப் புள்ளடி போடுகிற பென்சிலால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் என் மானம் போனது. அந்தக் கதைதான் இது.

அது சாதாரணப் பென்சில் இல்லை. எழுதும்போது கறுப்பாக இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாகிவிடும். அழிறப்பரால் அழிக்க ஏலாது. எழுதியதை யாரும் மாற்றக்கூடாது என்பதற்காகவே எங்களுக்கு அதைத் தருவார்கள். அதில் ஒன்று சனிக்கிழமைகளில் என் சட்டைப் பையில் வீட்டுக்கு வந்துவிடும். தானாக வரும், நான் எடுப்பதில்லை.

ஞாயிறு என்றால் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது புறப்படுவேன். ஒரு கிழமை கடற்கரை, மறு கிழமை கோட்டைக்குள் மான் பார்க்க. மற்றவர்கள் இப்படிப் போனால் போட்டோ பிடிப்பார்கள். எங்களிடம் கமரா இல்லை. கமரா வைத்திருந்தவர்களிடம் பிலிம் இல்லை. ஆகவே நாங்கள் படம் கீறினோம். களஞ்சியத்தில் கழித்துப்போட்ட கடதாசிகளைத் தைத்து ஒரு கொப்பி செய்து வைத்திருந்தேன்.

மகளுக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை. அவளுக்குக் கீறத் தெரிந்தது வட்டம் ஒன்றுதான். மானும் வட்டம், கப்பலும் வட்டம், தாயும் வட்டம். இந்தக் கடைசி வட்டத்துக்காக மனைவி என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை, ஏதோ நான் சொல்லிக்கொடுத்த மாதிரி! மகள் பென்சிலை நாக்கில் தொட்டு, வட்டத்தைப் போட்டு, "அப்பா, இது ஆர்?" என்பாள். நான் அக்கம்பக்கம் பார்த்து, கண்ணில் அகப்பட்ட ஒருவருடைய மூக்கையும் காதையும் அதற்குள் வைத்துவிடுவேன். எதையும் உள்ள அளவில் கீற எனக்கு வராது. மூக்கு என்றால் அது முகத்துக்கு முன்னாலே நடந்து போகும். காது என்றால் சுளகு. கீழே ஒரு பட்டப்பெயர் எழுதி, அதை வாசித்தும் காட்டுவேன். மகள் உருண்டு உருண்டு சிரிப்பாள். ஊதா நாக்கும் அவளுமாக அந்தச் சிரிப்பைப் பார்க்க, ஊரில் உள்ள எந்த மூக்கையும் விற்கலாம் என்று இருக்கும்.

அந்த ஞாயிறு கன்னியாவுக்குப் போனோம். சதுரமான ஏழு சின்னக் கிணறுகள். ஒன்றில் இளஞ்சூடு, இன்னொன்றில் கை வைக்கவே யோசிக்க வேண்டும். வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிக் குளிக்கலாம். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் அது என்று சொல்வார்கள். அதனால் அந்தப் பக்கத்துச் சனம் செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய அங்கேதான் வரும். ஒரு பக்கம் ஐயர் மந்திரம் சொல்லுவார், மறுபக்கம் எங்களைப் போன்றவர்கள் சோப்புப் போட்டுக் கும்மாளமடிப்போம். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி இருந்துகொள்வதுதான் அங்கே வழக்கம்.

நான்தான் பார்த்தேன்.

குளித்து முடித்து, மரநிழலில் இருந்து கிழங்கும் சம்பலும் சாப்பிட்டோம். மகள் கொப்பியைத் திறந்து பெரிய வட்டம் ஒன்று போட்டாள். "இது ஆர்?"

கொஞ்சத் தூரத்தில், கிணற்றுக் கட்டில் ஒருவர் தனியே இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஈர வேட்டி, தோளில் துவாய். மழித்த தலையில் மயிர் ஒரு மாத அளவுக்கு வளர்ந்து குத்திக்கொண்டு நின்றது. எனக்கு உடனே சூப்பிப்போட்ட பனங்கொட்டைதான் ஞாபகம் வந்தது. அதிலும் இப்படித்தான் தும்பு நிற்கும். அந்தத் தும்பை வட்டத்தைச் சுற்றி நட்டேன். அவருடைய மூக்கு நீண்டு, நுனியில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் அதை இன்னும் சாய்த்தேன். கீழே, களஞ்சியத்துக் கந்தோர்க் கடிதங்களில் எழுதுவது போல வடிவான எழுத்தில், 'திருவாளர் பனங்கொட்டை' என்று எழுதினேன்.

வாசித்துக் காட்டியதும் மகள் உருண்டாள். மனைவியும் சிரித்தாள். இப்போது கேட்டால் இல்லை என்பாள்.

சாப்பிட்ட ஏனம் கழுவத் தண்ணீர் அள்ளலாம் என்று நான் வாளியோடு எழும்பிப் போனேன். திரும்பிப் பார்த்தால் மகள் கிணற்றுக் கட்டடியில் நிற்கிறாள். படத்தைக் கொப்பியிலிருந்து கிழித்துக்கொண்டு போய் அந்த மனிதரிடம் நீட்டிக்கொண்டிருக்கிறாள். யாருடைய படமோ அவரிடம்தானே கொடுக்க வேண்டும்? அவளுக்குத் தெரிந்த நியாயம் அது.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அவர் துவாயில் கையைத் துடைத்து, கடதாசியை வாங்கிவிட்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை ஆர் கீறினது?"

"பிள்ளைதான்... சும்மா விளையாட்டுக்கு" என்றேன். ஓம், மூன்று வயது நிரம்பாத பிள்ளையின் தலையில் பழியைப் போட்டேன்.

"வட்டம் பிள்ளை போட்டது" என்றார் அவர். "மூக்கு பெரியாள் போட்டது."

நான் மணலைப் பார்த்தேன்.

"இது எங்கட அம்மாட மூக்கு, தம்பி."

அப்போதுதான் அவருடைய குரலில் கோபம் இல்லை என்பதைக் கவனித்தேன். அன்றைக்கு அவருடைய தாய்க்கு முப்பத்தோராம் நாள். தம்பலகாமப் பக்கத்தில் வயல் செய்கிறவர். சொந்தக்காரர்களோடு டிரக்டரில் வந்திருந்தார்.

"அம்மாட படம் எண்டு வீட்டில ஒண்டும் இல்லை. ரவுணுக்குப் போய்ப் போட்டோ பிடிப்பம், அறுவடை முடியட்டும், அறுவடை முடியட்டும் எண்டு சொல்லிச் சொல்லியே காலம் போயிட்டுது. எல்லாரும் சொல்லுறவை, நான் அவவை உரிச்சு வச்ச மாதிரி எண்டு. இந்த மூக்கைப் பாத்தவுடன எனக்கு..." என்று நிறுத்தினார். "தலைக்கு ஒரு கொண்டை போட்டுத் தருவீங்களே?"

எனக்கு அந்தப் படத்தை எப்படியாவது திருப்பி வாங்கினால் போதும் என்று இருந்தது. "இது வேண்டாம் அண்ணை, புதுசா நல்ல படமாக் கீறித் தாறன்" என்று கொப்பியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தேன். இந்த முறை பெரிய ஓவியர் போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மூக்கை அளவாக, காதை அளவாக, எல்லாவற்றையும் மரியாதையாக வைத்தேன். கலண்டரில் வருகிற மகாலட்சுமி மாதிரி ஒரு அம்மா வந்தா.

அவர் பார்த்தார். "வடிவான மனுசி" என்றார். "ஆனா இவவை எனக்குத் தெரியாது. மற்றதிலயே போடுங்கோ."

மற்றதிலேயே போட்டேன். நான் நட்ட தும்புகளுக்கு மேலே மயிரை வாரி, பின்னால் சின்னக் கொண்டையாக முடிந்தேன். அவர் சொல்லச் சொல்லக் கீறினேன். நெற்றியில் திருநீறு. "காதில ஒண்டும் போட வேண்டாம். அப்பா போன அண்டைக்குக் கழட்டினவ, பிறகு போடவே இல்லை." கன்னத்தில் இரண்டு குழி. "வெத்திலை போடுற வாய், கொஞ்சம் உள்ளுக்க போயிருக்கும்." ஒவ்வொன்றுக்கும் அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. பகிடிக்காக ஒரு தரம் பார்த்த முகத்தை இப்போது இருபது தரம் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது. முடிந்ததும் அவர் படத்தை வாங்கித் தூரப் பிடித்தார், கிட்ட வைத்துப் பார்க்க ஏலாதவர் போல. தொண்டைக்குள் "ஓம்" என்றார்.

பிறகு அவருடைய விரல் கீழே இறங்கியது. "இதில என்ன எழுதியிருக்கு? எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது."

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்தான். களஞ்சியத்தில் வேலை செய்கிறவர்கள் என்னைக் கூப்பிடுவதே பனங்கொட்டை என்றுதான். பனங்கொட்டை சூப்புகிற ஊரிலிருந்து வந்தவனாம். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன்; உள்ளுக்குள் அது குத்தும். அப்படிக் குத்திய சாமானைத்தான் கொண்டுபோய் இன்னொருவர் தலையில் நட்டிருக்கிறேன். அதனாலோ என்னவோ, வாயில் வந்த பொய் அரை உண்மையாக வந்தது.

"அது என்ர பேர்" என்றேன்.

சொல்லிக்கொண்டே விரலைத் திரும்பத் திரும்ப நாக்கில் தொட்டு அந்த எழுத்தைத் தேய்த்தேன். பென்சிலின் குணம் அந்தப் பதற்றத்தில் மறந்துபோனது. மங்கல் கறுப்பாக இருந்த 'திருவாளர் பனங்கொட்டை' ஈரம் பட்டதும் நல்ல ஊதாவில் பூத்து, பத்து யார் தூரத்திலிருந்தே வாசிக்கலாம் போல ஆகிவிட்டது.

"ஏன் அழிக்கிறீங்கள்? இருக்கட்டும்" என்று அவர் என் கையைத் தடுத்தார். "படம் கீறின ஆளின்ட பேர் இருக்கத்தானே வேணும். எங்கட மூத்தவள் ஆறாம் வகுப்பு. சுவரில ஒட்டிப்போட்டு அவளைக்கொண்டு வாசிப்பிக்கிறன்."

ஏழு கிணற்றிலும் இல்லாத சூடு எனக்குக் காதில் ஏறியது. அந்தப் பிள்ளை சுவருக்கு முன்னால் நின்று, செத்துப்போன அப்பாச்சியின் முகத்துக்குக் கீழே எழுத்துக் கூட்டி வாசிக்கிற காட்சி கண்ணில் வந்தது. பின்னால் மனைவி வந்து நின்றது தெரியாது. முதுகில் ஒரு கிள்ளு விழுந்தது.

"சொல்லுங்கோ" என்றாள் மெதுவாக, என் காதுக்கு மட்டும். "உங்கட வாய்க்குத்தான் பூட்டு இல்லை எண்டு நினைச்சன். கைக்கும் இல்லை. இப்ப மட்டும் ஏன் வாயைப் பூட்டுறீங்கள்?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

டிரக்டர்க்காரர் ஹோர்ன் அடித்தார். கிணற்றுக் கட்டில் இருந்தவர் எழும்பி, பையிலிருந்து இரண்டு கதலிப்பழம் எடுத்து மகளின் கையில் வைத்தார். "பிள்ளையாலதான் அம்மா வீட்டுக்கு வாறா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளிடம் குனிந்தார். "மாமாவுக்கு டாட்டா சொல்லுங்கோ, பாப்பம்."

மகள் பழத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவளிடம் இருந்த அன்பு முழுவதையும் சேர்த்துச் சொன்னாள்:

"டாட்டா, பனங்கொட்ட மாமா!"

அவர் சிரித்துவிட்டார். "என்னம்மா சொன்னனீங்கள்?"

அவள் படத்தின் கீழே அந்த ஊதா எழுத்தில் விரலை வைத்தாள். "பனங்கொட்ட மாமா. அப்பா எழுதினது."

அவருடைய சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சங் கொஞ்சமாகத்தான் போனது. வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தை அவர் பார்த்தார். ஒரு கை தானாக எழும்பித் தன் தலையைத் தடவியது. என்னைப் பார்க்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு அவர் கிணற்றுக் கட்டில் கடதாசியை வைத்து, எழுத்து இருந்த அடிப்பக்கத்தை மட்டும் மடித்தார். மடிப்பின் மேல் நகத்தால் இரண்டு தரம் இழுத்தார். தாயின் கழுத்தில் கிழிசல் படாமல், மெதுவாக, மிக மெதுவாகக் கிழித்து எடுத்தார். அந்தத் துண்டை என் பக்கம் நீட்டினார்.

"இது உங்கட பேர் எண்டனீங்கள். நீங்களே வச்சிருங்கோ, தம்பி."

கையை நீட்டி வாங்கினேன். வேறு என்ன செய்ய?

அவர் மகளின் தலையைத் தடவிவிட்டு நடந்தார். டிரக்டர்ப் பெட்டியில் ஏறி, படத்தைத் தாயின் முகம் தெரியப் பிடித்தபடி இருந்தார். 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ' என்ற சொல், டிரக்டர் வளைவில் மறைந்த பிறகுதான் எனக்கு வாயில் வந்தது. அதைக் கேட்க ஏழு கிணறும் வாளியும்தான் இருந்தன.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். மகள் இரண்டு பழத்தையும் தின்று முடித்து, தோலை எனக்குத் தந்தாள். என் விரலிலும் நாக்கிலும் ஊதா போக இரண்டு நாள் எடுத்தது. களஞ்சியத்தில், "என்ன பனங்கொட்டை, மையைக் குடிச்சனியோ?" என்று கேட்டார்கள். முதல்முறையாக அந்தப் பேருக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கீறினோம். ஆனால் மகள் வட்டம் போட்டு "இது ஆர்?" என்று கேட்டால், என் முகத்தைத்தான் அதற்குள் வைத்தேன். எனக்கும் மூக்குக்குக் குறைவில்லை, நல்லாகவே சிரித்தாள். தம்பலகாமத்துக்குப் போய் அவரைத் தேட வேண்டும் என்று பல தரம் நினைத்தேன். அறுவடை முடியட்டும் என்று அவர் தள்ளிப்போட்டது போல நானும் தள்ளிப்போட்டேன். போகவில்லை.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிற வயது. போன மாதம் அலுமாரியில் எதையோ தேடும்போது அந்தக் கடதாசித் துண்டை எடுத்துவிட்டாள். ஊதா கொஞ்சமும் மங்கவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள்:

"அப்பா, ஆரப்பா இது, திருவாளர் பனங்கொட்டை? ஆற்ர பேர்?"

"என்ர பேர்" என்றேன். அன்றைக்குக் கன்னியாவில் சொன்ன அதே பதில்தான். பொய் இல்லாமல் அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.