பூச்சி இல்லாத தண்ணீர்

போன வியாழக்கிழமை வில்பட்டிக்கு மேலே ஓர் ஓடையில், முழங்கால் தண்ணீரில் நின்று கற்களை உதைத்துக்கொண்டிருந்தேன். பைத்தியமெல்லாம் இல்லை. தண்ணீரைச் சோதிக்கும் முறையே அதுதான். கற்களைக் காலால் கிளறினால், அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் நீரோடு வந்து வலையில் விழும். வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ண வேண்டும்.

என் வலையில் ஒன்றும் விழவில்லை. விழுந்தது நான்தான்.

"அண்ணே, தண்ணி போற பக்கம் வலையப் பிடிங்க. வர்ற பக்கம் பிடிச்சா பூச்சி எதுத்து நீந்தி வந்து ஏறுமாக்கும்?"

சொன்னவர் செல்வி. பூண்டு விவசாயி. இந்த ஓடைத் தண்ணீர்தான் அவர் தெருவுக்குக் குழாயில் போகிறது. அதனால் மாதம் தவறாமல் பூச்சி எண்ணுகிறார்.

மேலே ஒரு காட்டேஜின் கழிவுக் குழாய் ஓடையில் இறங்குகிறது. அதற்குக் கீழே பூச்சிகள் குறைந்துகொண்டே வர, செல்வி மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸில் மனு போட்டார். நான் போயிருந்த அன்றுதான் விசாரிக்க அதிகாரி வந்தார் – காட்டேஜுக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிட்டு!

அவர்கள் சும்மா இருப்பார்களா? முந்தின நாளே கழிவுக் குழாயின் வாயில் மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டார்கள். பார்வைக்குப் பளிங்கு. வாசனைக்கு நீச்சல் குளம்.

செல்வி அந்தக் கழிவுக் குழாய்க்குக் கீழே வலை போட்டார். தட்டு காலி.

"பார்த்தீங்களாம்மா? ஒரு புழு பூச்சி இல்ல. இதான் சுத்தம்!" என்றார் அதிகாரி.

"எல்லாம் செத்துப் போச்சு சார். மேல வாங்க, காட்டுறேன்."

குழாய்க்கு மேலே வலை போட்டதும் தட்டே நெளிந்தது. மூன்று வால் வைத்த குட்டிப் பூச்சிகள்... லேசாக அழுக்குப் பட்டாலே செத்துவிடும் ஜீவன்கள். அவை உயிரோடிருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர்.

அதிகாரி இரண்டடி பின்வாங்கினார். "ச்சீ! இதையா குடிக்கிறீங்க?"

எழுதியும்விட்டார். குழாய்க்கு மேலே அசுத்தம், கீழே தூய்மை.

பூச்சியே பிழைக்காத தண்ணீரை மனுஷன் குடிக்கலாம் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் ஐயா சொல்லிக்கொடுத்தார்கள்? ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன கிழித்தேன்?

"எழுத்தாளர் சார், சாட்சிக் கையெழுத்து..." என்று அதிகாரி என்னிடம் பேனாவை நீட்டினார். என்னிடம் ஒருவர் கையெழுத்துக் கேட்டு எத்தனை வருஷமாகிறது! போட்டுவிட்டேன். கீழே ஸ்டைலாக ஒரு கோடு வேறு.

செல்வி எட்டிப் பார்த்தார். "கோடு நல்லாருக்குண்ணே. இனிமே எங்க தெருப் பிள்ளைக அந்தத் தண்ணியத்தான் குடிக்கணும்."

மறுநாள் வெள்ளனே அந்த ஆபீஸில் போய் நின்றேன். கையெழுத்தை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன். அதற்குப் படிவம் கிடையாதாம்.

சரி, இங்கேயே, இதைப் படிக்கும் உங்களிடமே எழுதிக் கொடுக்கிறேன். குழாய்க்குக் கீழே அந்தத் தண்ணீர் கெட்டுப் போயிருக்கிறது. சாட்சி – நானேதான்.