படத்தில் வராத அம்பு

எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் சேருகிற எல்லோரும் முதல் வாரத்தில் ஒரே தப்பைச் செய்வார்கள். கீபோர்டில் 'பிரிண்ட் ஸ்கிரீன்' என்று எழுதியிருக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு, திரும்பிப் பிரிண்டரைப் பார்ப்பார்கள். பிரிண்டர் சும்மா கிடக்கும். "ஏனுங் மிஸ், ரிப்பேருங்களா?" என்பார்கள். ரிப்பேர் இல்லை, திரையை அது உள்ளுக்குள் படமாக எடுத்து வைத்திருக்கிறது, பெயிண்ட் என்கிற படம் வரையும் புரோகிராமைத் திறந்து ஒட்டினால் வரும் என்று காட்டுவேன். சத்தம் கிடையாது, விளக்கு எரியாது. சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வதைப் பற்றி அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

சென்டர் காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது. முதலாளி மோட்டார் பம்ப் வியாபாரத்தில் சம்பாதித்தவர். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பேச்சாக இருந்த காலம். அவரும் எட்டு கம்ப்யூட்டரும் ஒரு ஏசியும் வாங்கிப் போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி போர்டு வைத்தார். நான் பி.காம். முடித்துவிட்டு மதுக்கரையிலிருந்து பஸ்ஸில் போய் அங்கே பாடம் நடத்தினேன்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "அம்மணி, நம்ம புள்ளைங்களுக்கு இங்கிலீசு புஸ்தகம் புரியறதில்லீங்க. தமிழ்ல, படம் போட்டு, நீங்களே ஒண்ணு எழுதிப்போடுங்க. அட்டையில உங்க பேருதானுங்க."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பெரியது என்று அவருக்கும் தெரியும். பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் கம்ப்யூட்டர் ஆசிரியை வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேல கெடைச்சுதுன்னா கல்யாணப் பேச்ச ரெண்டு வருசம் தள்ளி வெச்சுக்கலாங் கண்ணு" என்று அப்பா சொல்லியிருந்தார். பட்டம் வாங்கியவர்கள் ஆயிரம் பேர் வருவார்கள். புத்தகம் எழுதியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன்.

மூன்று மாதம், வகுப்பு இல்லாத மத்தியான நேரங்களில் படம் எடுத்தேன். ஒரு ஃபிளாப்பியில் ஒரு படத்துக்கு மேல் ஏறவில்லை. புத்தகம் எப்படியும் கறுப்பு வெள்ளைதானே என்று நிறங்களைப் பதினாறாகக் குறைத்தேன். ஒன்பது படம் ஏறியது. அன்றைக்கு ஏதோ பெரிய விஞ்ஞானி ஆகிவிட்ட மாதிரி இருந்தது. இன்னொரு சங்கடம், மவுஸ் அம்பு. திரையை அப்படியே எடுத்தாலும் அம்பு மட்டும் படத்தில் வராது. எங்கே கிளிக் செய்ய வேண்டும் என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. நூற்றெழுபது படத்திலும் அம்பைக் கையாலேயே வரைந்தேன். மவுஸைப் பிடித்து வரைவதால் எல்லா அம்புக்கும் வால் கொஞ்சம் கோணியிருக்கும்.

வேர்ட் பாடத்துக்கு உதாரணமாக ஒரு லீவ் லெட்டர் அடித்தேன். எழுத்தைப் பெரிதாக்குவது, அடிக்கோடு போடுவது எல்லாம் அந்த லெட்டரை வைத்துத்தான். கீழே என் பெயரையே போட்டிருந்தேன். வேறு யார் பெயரைப் போடுவது?

எல்லாம் முடிந்தபிறகு ஒரு மத்தியானம் முதலாளி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "படத்துல வேண்டாதது இருந்தா எப்படிங்க அம்மணி அழிக்கறது? நம்ம பழைய போன் நம்பரு ரெண்டு எடத்துல வந்திருக்குதுங்க." பெயிண்டில் ரப்பர் எங்கே இருக்கிறது, அதை எப்படிப் பெரிதாக்குவது, கோடு எதுவும் கெடாமல் எப்படி மெதுவாக இழுப்பது என்று காட்டினேன். "நல்லாச் சொல்லித் தர்றீங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயர். பின்னட்டையில் டை கட்டிய அவர் போட்டோ. முன்னுரையிலும் நான் இல்லை. சரி, உள்ளேயாவது இருப்பேன் என்று வேர்ட் பாடத்தைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் லெட்டர் இருந்தது. என் பெயர் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. கோடு எதுவும் கெடவில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்திருந்தார்.

போய்க் கேட்டேன். அவர் முகம் மாறவேயில்லை. "அட, அதுங்களா! நீங்க பொம்பளப்புள்ள, நாளைக்கு ஒரு ஊட்டுக்குப் போறவிங்க. பேரு நாலு எடத்துல அடிபட்டா நல்லாவாங்க இருக்கும்? உங்க நல்லதுக்குத்தானுங்க செஞ்சுபோட்டேன். டீ சாப்புடுங்க அம்மணி."

ஒருமையில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுக்கும்போதும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். அந்த டீயைக் குடித்தேன்.

பாலிடெக்னிக் இன்டர்வியூவுக்கு அந்தப் புத்தகத்தைத்தான் கொண்டு போனேன். காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை. கல்லூரி முதல்வரான ஒரு அம்மாவும் இரண்டு ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர் அட்டையைப் பார்த்தார், பின்னட்டையைப் பார்த்தார்.

"இதுல உங்க பேரு எங்கீங்க?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது கட்டுக்கதை மாதிரிக் கேட்டது. அவசரமாகப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "மவுஸ் அம்பு படத்துல வராதுங்க மேடம். இந்த அம்பெல்லாம் நான் கையால போட்டதுங்க. வாலைப் பாருங்க, எல்லாம் ஒரே மாதிரி கோணியிருக்கும்."

"அம்பு யாரு வேணும்னாலும் போடலாமுங்களே" என்றார் ஒருவர். மற்றவர் சிரித்தார்.

முதல்வர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார். கோபமே இல்லாமல், சொந்தப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "அடுத்தவிங்க பாடுபட்டு எழுதினத நம்முளுதுன்னு சொல்லக்கூடாதுங்க அம்மணி. அதுவும் டீச்சர் வேலைக்கு வந்துட்டு."

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆகி வெள்ளகோவிலுக்குப் போனேன். அந்தப் புத்தகம் எத்தனையோ பதிப்பு வந்ததாகக் கேள்விப்பட்டேன். முதலாளியை நினைத்தால் இப்போதும் வாய் நிறையத் திட்டுகிறேன். ஆனால் ராத்தூக்கத்தைக் கெடுப்பது அவர் இல்லை. அன்றைக்கு அந்த அம்மாள் அப்படிச் சொன்னதும் நான் புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, எழுந்து நின்று, "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.