செதுக்கிய கல் மண்டபம்

மாலை ஆறே கால் மணி. வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, தங்கையின் போன் திரையில் எழும்பியிருந்த கல் மண்டபத்தை. ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போனில், கட்டிகளை அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு அது. அதற்குள்ளேயே பாறை வெட்டி, உலையில் சுட்டு, வட்டக் கோடு செதுக்கிய அலங்காரக் கற்களை அவள் லீவு முழுக்கச் சேர்த்திருந்தாள். மண்டபம் அம்மாவுக்காக.

பட்டாசுக் கம்பெனி வேனில் வந்திறங்கிய அம்மா, கை கழுவிவிட்டு வந்து குனிந்து பார்த்தாள்.

“அம்புட்டும் கல்லா? அழகா இருக்குடி. வெளிய ஓடுறதுக்கு வாசல் எங்கன?”

“இந்தா, முன்னாடி இருக்குல்ல.”

“ஒண்ணுதானா? எதுத்தாப்புலயும் ஒண்ணு வை.”

“அங்கனதான் நல்ல கல்லெல்லாம் வச்சிருக்கேன். இது வெடிக்காதும்மா!”

“எனக்குன்னுதானே கட்டுன? ஒத்த வாசல் ரூமுக்குள்ள நான் உக்கார மாட்டேன், ஆமா.”

தங்கை உதட்டைச் சுழித்துக்கொண்டு கற்களை உடைத்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னுங் கொஞ்சம் அகலமா, ரெண்டு பக்கவாட்டுலயும் ஒண்ணொண்ணு வை” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த விளையாட்டில் கல் உடையும் சத்தம் யார் போனிலாவது கேட்டால் இன்றும் நின்றுவிடுகிறேன்.

மண்டபத்துக்கு நான்கு பக்கமும் வாசல் வந்தது. அலங்காரக் கல் மூலைகளில் மட்டும் மிஞ்சியது.