பெரட்டு நேரமும் மாத்திரை நேரமும்

என் நாத்துனாவுக்கென்று ஒரு சில்வர் தம்ளரை ஒதுக்கி அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்தது நான்தான். அவளுக்குச் சயரோகம் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துச் சொன்ன அன்றைக்கே வைத்தேன். தம்ளரால் ஒட்டாது, இருமும் காற்றில்தான் பரவும், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று நர்சம்மா எவ்வளவோ சொன்னார். நாங்களோ மஸ்கெலியாத் தேயிலை மலைக் குளிருக்குப் பயந்து, இருந்த ஒரே ஜன்னலையும் உரச்சாக்கால் அடைத்துவிட்டு, தம்ளரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் மாத்திரை விழுங்கினால் தீர்ந்துபோகும் நோய் அது. தோட்டத்து மருந்துக்கார ஐயா பார்க்க விழுங்க வேண்டும். அவர் டிஸ்பென்சரியைத் திறப்பது எட்டு மணிக்கு. பெரட்டுக்களத்தில் அன்றைய கூலி வேலைக்குப் பேர் கொடுப்பதோ ஏழு மணிக்கு. விழுங்கிவிட்டு அவள் கொழுந்து மலைக்கு ஓடி வந்தால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, "மகாராணிக்குத் தனிப் பெரட்டு வைக்கணுமோ?" என்பார். கூடையோடு நின்ற பொம்பளைகள் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். நோயைச் சொன்னால் எங்கள் வரிசை வீட்டு லயமே ஒதுக்கிவிடும் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

ரெண்டாம் மாதம் இருமல் நின்றது. "நல்லாத்தானே இருக்கேன் அண்ணி, இனி எதுக்கு அந்தாளுகிட்ட பேச்சு வாங்கணும்?" என்று மாத்திரையை விட்டாள். நானும் சரியென்று தலையாட்டினேன். அடுத்த மழைக்கு நோய் திரும்பி வந்தபோது அந்த மாத்திரைக்கு மசியவில்லை. மூச்சை இழுத்து இழுத்தே போய்ச் சேர்ந்தாள். சாவு வீட்டுக்கு வந்த கண்டாக்கையா, நல்ல வேலைக்காரி என்றார். அப்போதும் நான் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன்.

இந்த வருசம் எங்கள் சுவரை ஒட்டிய காம்பராவில் இருக்கும், கொழுந்து பறிக்கும் பிள்ளைக்கு அதே நோய். கண்டாக்கு வேறு ஆள், பெரட்டு அதே ஏழு மணி. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், பெரிய ஆட்கள் முன்னால் நாக்கு எழாது. போன திங்கட்கிழமை அந்தப் பிள்ளை மாத்திரை விழுங்கியதைப் பார்த்துவிட்டு அவளோடேயே மலைக்கு ஏறினேன்.

"இந்தப் புள்ள மாத்திரை போட்டுட்டுத்தாங்க வரும். பேரைப் போடுங்க."

புதுக் கண்டாக்கிடம் சொன்னேன். இவள் உனக்கு என்ன சொந்தம் என்று அவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பேரை எழுதும்வரை நகரவில்லை. மறுநாளும் போனேன். இன்றைக்கும் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.