இரண்டு பாடல்களுக்கு நடுவே சொன்ன கருத்து

பதினோரு ஆண்டுகளாக வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறேன். ஒருநாள் இரண்டு பாடல்களுக்கு நடுவே, "பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளி இருந்தும் பிள்ளையை மலாய்ப்பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் வெட்கப்பட வேண்டும்" என்றேன். அது என் சொந்தக் கருத்து. பலர் பாராட்டிச் செய்தி அனுப்பினார்கள். பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் பீடோங் பாசாரில் மீன் வாங்கும்போது, என் குரலைக் கேட்டு ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். சிடாம் கிரி பக்கம் தோட்டத்தில் வேலை செய்பவர்.

"அண்ணே, ரேடியோல பேசுறவர்தானே? என் மகளுக்குக் காது சரியா கேக்காது. அவளுக்கான சிறப்பு வகுப்பு மலாய்ப்பள்ளியிலதான் இருக்கு. நீங்க பேசினதைக் கேட்டு வீட்டுக்காரரு அவளை நிறுத்திட்டாரு. ரேடியோலயே சொல்லிட்டாங்க லா, நீ என்ன பேசுறேங்கிறாரு."

அவர் குரலில் கோபமே இல்லை, களைப்புதான் இருந்தது.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். "தெரியாம பேசிட்டேண்ணே" என்றேன் கணவரிடம்.

"தெரிஞ்சுக்கிட்டுப் பேசியிருக்கலாம் லா," என்றார்.

மறுநாள் நிகழ்ச்சியில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இனிமே பாட்டை மட்டும் போடுங்க" என்றார் மேலாளர். அந்த வாரக் கடைசியில், மகள் மறுபடி பள்ளிக்குப் போவதாக அந்தப் பெண் நிலையத்துக்குப் போன் செய்து சொன்னார்.

அறிவிப்பாளருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் சொல்ல வாயெடுக்கும்போது, பதில் பேச வழியில்லாமல் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது நினைவுக்கு வருகிறது. பல நாள் பாட்டையே போட்டுவிடுகிறேன்.