ஆடி முடியட்டும் என்று வைத்த அத்தியாயம்

லேப்டாப் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். எத்தனை முறை அழுத்தியும் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதற்குள் என் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் இருந்தது. ஜீயபுரம் வாழைத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றியது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டே, நாற்பத்தாறு வயதில், எட்டு மாதம் உட்கார்ந்து எழுதியது. ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம்கூட இல்லை. வேறெங்கும் பிரதியும் இல்லை.

ரயில்வேயில் வேலை பார்க்கும் என் கணவர் சார்ஜரைச் சந்தேகப்பட்டார். கல்லூரி லேப் உதவியாளர், உள்ளே மெமரி சிப் போயிருக்கும் என்றார். சக ஆசிரியை ஒருவர் பேட்டரிதான் என்று அடித்துச் சொன்னார். மூன்று பேருக்கும் தலையாட்டிவிட்டு, வாரண்டி இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்ற தைரியத்தில் சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் பில்லைப் பார்த்துவிட்டு, வாரண்டி முடிந்து பதினேழு நாள் ஆகிறது என்றாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பில்லைப் பிடுங்கி நானே எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. போன வருடம் ஆடித் தள்ளுபடி என்று ஆசைப்பட்டு வாங்கியதும் நான்தான், ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று பெட்டியைப் பிரிக்காமல் ஆவணி வரை பீரோ மேல் வைத்ததும் நான்தான். என் கணக்கு, பெட்டியைத் திறந்த நாளிலிருந்து. வெட்கத்தை விட்டு அதையும் அவளிடம் சொன்னேன்.

"பில் தேதிதாங்க மேடம் கணக்கு. நீங்க ஆவணியில திறந்தா நாங்க என்னங்க பண்றது?" என்றாள்.

அடுத்து அவள் சொன்னதில்தான் எனக்குத் தலை சுற்றியது. மதர்போர்டு போய்விட்டது, மாற்றினால் லேப்டாப் ஓடும், ஆனால் இந்த மாடலில் எல்லாம் போர்டிலேயே பதிந்திருப்பதால் உள்ளே இருப்பது எதுவும் திரும்ப வராது. அப்படியென்றால் எதைத்தான் சரிசெய்கிறார்கள்? இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் பொறுமையாகச் சொன்னாள், எனக்குப் புரியவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அத்தியாயத்தை நெறியாளருக்கு அனுப்பியிருந்தால் இந்த அலைச்சலே இல்லை. எழுதி முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆடி போகட்டும், ஆவணி முதல் வெள்ளிக்கிழமை அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காரண காரியம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு கடை. போர்டை மாற்றாமல் அதிலேயே பழுது பார்ப்பவர் என்று தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் கூப்பிட்டார். திரை எரிந்துகொண்டிருந்தது.

"ரொம்ப நேரம் தாங்காதும்மா. எது ரொம்ப முக்கியமோ அதை முதல்ல எடுத்துக்குங்க," என்றார்.

பென் டிரைவைச் செருகினேன். ஐந்தாம் அத்தியாயம் என்ற பெயரில் நான்கு கோப்புகள். ஒன்றின் பெயரோடு 'முடிந்தது' என்று சேர்த்திருந்தேன், மற்றவற்றில் 'புதியது', 'கடைசி', 'திருத்தியது'. எது எதற்குப் பிந்தியது? தேதியைப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கவும் தோன்றவில்லை. 'கடைசி' என்பதை இழுத்துப் போட்டேன். அடுத்ததைத் தொடுவதற்குள் திரை அணைந்தது, பிறகு அவர் என்ன செய்தும் எரியவில்லை.

வீட்டில் கணவரின் கணினியில் திறந்தால், அது சித்திரை மாதத்துப் பாதி அத்தியாயம். அழுதேன். பிறகு களக்குறிப்பு நோட்டுகளை மேசையில் பரப்பி, விடுப்பு போட்டு, ஒன்பது நாளில் மீதியை எழுதினேன். நினைவில் இருந்ததை எழுதினேனா, புதிதாக எழுதினேனா என்று அப்போதே தெரியவில்லை.

வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து ஒரு பத்தியை வாசித்தார். வாழை இலை அறுக்கிற பெண், கூலியைப் பற்றிப் பேசும்போது ஏன் தன் வயதையும் சேர்த்துச் சொல்கிறாள் என்பதைப் பற்றியது. ஆய்வேட்டிலேயே நல்ல பகுதி இதுதான் என்றார். "இது எப்படிம்மா உங்களுக்குத் தோணுச்சு?"

எட்டு மாதத்தில் தோன்றியதா, ஒன்பது நாளில் தோன்றியதா? எனக்குத் தெரியவில்லை. அதையே அவரிடமும் சொன்னேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, சிரித்தபடி அடுத்த பக்கத்துக்குப் போனார்.