பிரபுவின் மூக்கு

சுவிஸில் ஓல்டனிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு மேடு வரும். அந்த மேட்டில்தான் எங்கள் கோயில், கத்தோலிக்கக் கோயில். எங்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம், தமிழ்ப் பூசைக்கு மட்டும் எங்களுக்குத் திறந்துவிடுவார்கள்.

மறுமலர்ச்சிக் காலத்துக் கட்டடமாம். முன்மண்டபத்தில் மணற்கல் தூண்கள், அவற்றின்மேல் மூன்று அரைவட்ட வளைவுகள், உள்ளே சதுரம் சதுரமாகச் செதுக்கிய மரக்கூரை. அகலம் எவ்வளவோ உயரமும் அவ்வளவு. பார்க்க அழகுதான், பொய் சொல்லக்கூடாது. மலை தாண்டி வேலை தேடி வந்த இத்தாலியக் கொத்தர்கள் கட்டியது என்று வாசலில் கிடக்கும் துண்டுப்பிரசுரம் பெருமைப்படுகிறது. வேலை முடிந்ததும் அவர்களுக்கு விசா நீட்டிக் கொடுத்தார்களா என்பதை மட்டும் எழுதவில்லை. காசு கொடுத்த பிரபு நடுத்தரையில் ஒரு கல்லறைக் கல்லில் முகம் செதுக்கிப் படுத்திருக்கிறார்.

அந்த முகத்தில் மூக்கு இல்லை, தேய்ந்துவிட்டது. நானூறு வருடமாக ஊர்ச்சனம் ஆணியடித்த சப்பாத்தோடு அதன்மேல் நடந்திருக்கிறது. ஆனால் தேய்த்தது நாங்கள்தான் என்று கோயிலைப் பராமரிக்கும் குழு கண்டுபிடித்தது. நாங்கள் இந்தக் கோயிலுக்கு வரத் தொடங்கி அப்போது இரண்டு வருடம். கூட்டம் அதிகம், தரை தாங்காது, பூசையை நிறுத்த வேண்டிவரலாம் என்றார்கள். இந்த நாட்டில் கதவைச் சாத்துவதென்றாலும் குடிக்கக் கோப்பி தந்துதான் சாத்துவார்கள்.

பூசை நின்றால் எனக்கு ஒரு பின்னேர நித்திரை லாபம். மனைவிக்கு அப்படியில்லை. அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மாதம் முழுக்க டொச்சில், இந்த ஊர் ஜெர்மன் மொழியில், சிரிக்க வேண்டும். தமிழில் அழுவதற்கு அவளுக்கு இருந்தது அந்த ஒரு பின்னேரம்தான். செய்தி கேட்ட அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த பூசைக்குத் தரையைப் பார்வையிட ஒரு நிபுணர் வந்தார். வந்தவர் முன்மண்டபத்திலேயே திகைத்து நின்றார். தூண்களின் அடி தெரியாத அளவுக்குச் செருப்பும் சப்பாத்தும் குவிந்து கிடந்தன. எங்கள் ஊர் மன்னாரில் எப்படிக் கோயிலுக்குள் போனோமோ இங்கேயும் அப்படித்தான். உள்ளே எல்லோரும் காலுறையோடு முழந்தாளில் நின்றார்கள். அவர் மலையேறும் சப்பாத்தோடு ஒரு காலை உள்ளே வைத்தார்.

மனைவி எழுந்து போய் மறித்தாள். இல்லத்தில் கிழவர்களை மருந்து விழுங்க வைக்கும் அதே டொச்சில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, “தரையைக் காப்பாத்த வந்தவர் இவரோ?” என்றாள். அவர் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

காலுறையால் கல் தேயாது என்று அவர் எழுதிக் கொடுத்தார். பூசை தப்பியது. செருப்புகள் தூண்களின் அழகைக் கெடுக்கின்றனவாம், பின்பக்கம் வைக்கச் சொன்னார்கள். வைத்தோம்.

போன மாதம் புதிய துண்டுப்பிரசுரம் வந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது இக்கோயிலின் பழைய வழக்கம் என்று அதில் அச்சடித்திருந்தார்கள். எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“விடுங்கோப்பா,” என்றாள் மனைவி. “இருவது வருசமா இந்த நாட்டில நிண்டும் எங்களுக்குக் கிடைக்கேல்லை. செருப்புக் கழட்டுற வழக்கத்துக்காவது சுவிஸ் பாஸ்போட் கிடைச்சிட்டுது.”